நாழிக் கடல்நீர்: மடக்கையின் பொருள் தேடி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோருக்கு, ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கடந்ததும் சாலையோரத்தில் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். மரக்காணத்து உப்பளங்கள் அவை. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீசுவரர் கோயிலும் இங்குள்ளது. வரலாற்று ஆர்வலர்கள் இவ்வூரைத் தேடி வருவது பெரும்பாலும் இவ்விரு காரணங்களுக்காகவே. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வது இலக்கியமும் அன்று, கல்வெட்டும் அன்று. பள்ளி நாள்களில் நம்மில் பலரை அச்சுறுத்திய 'லாகரிதம்' என்னும் மடக்கையை எடுத்துக்கொள்கிறோம். உப்பளத்துக்கும் மடக்கைக்கும் என்ன தொடர்பு என்று வாசக நண்பர்கள் வினவலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

அந்நாளில் மேல்நிலை வகுப்புக்குச் சென்ற எவரும் மடக்கை அட்டவணைப் புத்தகத்தை மறந்திருக்க இயலாது. இரு எண்களைப் பெருக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் உரிய மடக்கையை அட்டவணையில் பார், இரண்டையும் கூட்டு, எதிர்மடக்கை அட்டவணையில் விடையைத் தேடு. இவ்வளவே நமக்குச் சொல்லப்பட்டது. விடை சரியாக வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. கூட்டினால் பெருக்கல் விடை ஏன் வருகிறது என்ற வினாவை நம்மில் பெரும்பாலோர் எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு விடை நம் பாட்டிமார் வீட்டு அடுக்களையில் வரிசையாக நின்றிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம்.

ஆழாக்கு முதல் தூணி வரை

பழைய தமிழ் முகத்தலளவையை நினைவுகூர்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இதனையே மரக்கால் என்றும் வழங்கினர். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. நெல்லும் உப்பும் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகள் இவ்வளவைகளாலேயே அளக்கப்பட்டன. நானூறு மரக்கால் கொண்டது ஒரு கரிசை. 1805-இல் கும்பினி அரசு சென்னை மாகாணத்து உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டபோதும் கணக்கை இந்தக் கரிசையிலேயே வைத்தது.

இப்போது ஆழாக்கை ஒன்று எனக் கொண்டு, ஒவ்வோர் அளவையையும் எத்தனை முறை இரட்டித்து அடைகிறோம் என்று எழுதிப் பார்ப்போம்.

ஆழாக்கு: 1. இரட்டிப்பு 0.
உழக்கு: 2. இரட்டிப்பு 1.
உரி: 4. இரட்டிப்பு 2.
நாழி: 8. இரட்டிப்பு 3.
குறுணி: 64. இரட்டிப்பு 6.
பதக்கு: 128. இரட்டிப்பு 7.
தூணி: 256. இரட்டிப்பு 8.

இந்தச் சிறிய பட்டியல் ஒரு மடக்கை அட்டவணையே ஆகும். இடப்புறம் எண், வலப்புறம் அவ்வெண்ணின் மடக்கை. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை என்று கணித நூல்கள் இதனைக் குறிப்பிடும்.

இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாழி எட்டு ஆழாக்கு. ஒரு குறுணி எட்டு நாழி. ஆகவே குறுணியில் எட்டெட்டு அறுபத்து நான்கு ஆழாக்கு. இது பெருக்கல். வலப்புறத்தில் பார்த்தால், நாழியை அடைய மூன்று இரட்டிப்பு; அங்கிருந்து குறுணியை அடைய மேலும் மூன்று இரட்டிப்பு; ஆக ஆறு. இது கூட்டல். இரண்டும் ஒரே பயணத்தையே சொல்கின்றன. ஒன்று எவ்வளவு என்று கேட்கிறது. மற்றொன்று எத்தனை முறை என்று கேட்கிறது. வகுத்தலும் அவ்வாறே. ஒரு பதக்கில் எத்தனை உரி? ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து. ஐந்து முறை இரட்டித்தால் முப்பத்திரண்டு. விடை அதுவே.

மடக்கையின் அடிப்படைப் பொருள் இவ்வளவுதான். ஓர் எண்ணை அடைவதற்குக் குறிப்பிட்ட பெருக்கலை எத்தனை முறை செய்தோம் என்ற எண்ணிக்கையே மடக்கை. தமிழில் இக்கலைச்சொல்லைக் கேட்டவுடன் மடங்கு, மடக்கு, மடிப்பு ஆகிய சொற்கள் நினைவில் எழுகின்றன. எத்தனை மடிப்பு என்று கேட்பவருக்குக் கிடைக்கும் விடை மடக்கை. பொருளைச் சொல் தானே சுமந்து நிற்க, நாம் அட்டவணையை மட்டும் மனனம் செய்துகொண்டிருந்தோம்.

ஆழாக்குக்குப் பதிலாக நாழியை ஒன்று எனக் கொண்டால் என்னவாகும்? நாழியின் மடக்கை சுழியாகும். உரி அரை நாழி. அதன் மடக்கை கழித்தல் ஒன்று. உழக்குக்குக் கழித்தல் இரண்டு. ஆழாக்குக்குக் கழித்தல் மூன்று. ஒன்றுக்குக் குறைவான எண்ணுக்கு மடக்கை ஏன் கழித்தல் குறியுடன் வருகிறது என்ற புதிரும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. இரட்டிப்பதற்கு எதிர்த்திசையில், பாதியாக்கிக்கொண்டு செல்கிறோம்.

உப்பு படியும் இடம்

மரக்காணத்துக்குத் திரும்புவோம். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீரில் முதலிலேயே கறியுப்பு படிந்துவிடுவதில்லை. வெயிலிலும் காற்றிலும் நீர் வற்ற வற்ற, சுண்ணாம்புச் சத்தும் அதன்பின் ஜிப்சமும் பிரியும். நீரின் கொள்ளளவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதே கறியுப்பு படியத் தொடங்கும். அதனால்தான் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டு செல்கின்றனர்; கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளைக் கரைக்கும் முன் இவ்வேலை நடந்தாக வேண்டும்.

ஒரு நாழிக் கடல்நீரை எடுத்துக்கொள்வோம். அது வற்றி உரியாகிறது, உப்பில்லை. உழக்காகிறது, உப்பில்லை. ஆழாக்காகிறது, எட்டில் ஒரு பங்கு, இப்போதும் உப்பில்லை. நான்காம் முறையும் பாதியாகிவிட்டால் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதற்குள் உப்பு படியத் தொடங்கியிருக்கும். எனவே உப்பு பிறக்கும் இடம் மூன்றாவது பாதிக்கும் நான்காவது பாதிக்கும் இடையே எங்கோ உள்ளது. எங்கே?

இவ்வினா நம்மை மடக்கையின் அடுத்த கட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. ஒன்றைப் பத்து முறை இரட்டித்தால் 1024. பத்தை மும்முறை பெருக்கினால் 1000. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பத்து இரட்டிப்புகள் மூன்று 'பத்து மடங்கு'களுக்குச் சமம். ஒரு 'பத்து மடங்கு' என்பது மூன்றேகால் இரட்டிப்புக்குச் சற்று மிகுதி, அதாவது மூன்றும் மூன்றில் ஒன்றும். நுட்பமாகக் கணக்கிட்டால் 3.3219.

மூன்றில் ஒரு பங்கு பாதியாக்கல் என்றால் என்ன? மும்முறை செய்தால் சரிபாதியாகிவிடும் அளவுக்கான சுருக்கம் அது. பத்துக்கு எட்டாகச் சுருக்கிப் பாருங்கள். மீண்டும் ஒருமுறை, மீண்டும் ஒருமுறை, கிடைப்பது 0.512. பாதிக்கு மிக அருகில். ஆழாக்குக் கடல்நீர் பத்துக்கு எட்டு என்ற விகிதத்தில் இன்னும் ஒருமுறை வற்றினால், எட்டில் ஒன்று பத்தில் ஒன்றாகிவிடும். உப்பு படியும். மடக்கை அட்டவணையில் புள்ளிக்குப் பின்னே நம்மை மிரட்டிய அந்தப் பதின்ம எண்கள் இத்தகைய பாதி வழிகளே. மூன்று தூணி ஒரு கலம் என்று அளவை வரிசை திடீரென இரட்டிப்பை விட்டு விலகும் இடத்திலும் இதே சிக்கல் எழும். மூன்று என்பது ஒன்றரை இரட்டிப்புக்குச் சற்று மேல்.

பாதிவெட்டும் நேப்பியரும்

பாதியாக்கும் எண்ணிக்கையைத் தனியொரு கணிதப் பொருளாகக் கண்டு பெயர் சூட்டியவர்கள் நம் நாட்டுச் சமணர்கள். சட்கண்டாகமத்துக்கு வீரசேனர் எழுதிய தவளா என்னும் உரை ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக வெட்டலாம் என்ற எண்ணிக்கையை அது 'அர்த்தச்சேதம்' என்கிறது. பாதிவெட்டு என்று தமிழில் சொல்லலாம். மூன்றாக வெட்டுவதற்கும் நான்காக வெட்டுவதற்கும் தனிப்பெயர்கள் உண்டு. இரு எண்களின் பெருக்கலுக்கு உரிய பாதிவெட்டு, அவற்றின் தனித்தனிப் பாதிவெட்டுகளின் கூட்டல் என்ற விதியும் அங்கு உள்ளது. உலகின் அளவு, காலத்தின் அளவு ஆகியவற்றைச் சொல்ல அவர்களுக்கு மாபெரும் எண்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கையாளவே இக்கருவி பயன்பட்டது. இந்நூலின் ஓலைச்சுவடிகள் கருநாடகத்து மூடபித்ரியில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறின. மரக்காணத்துக்கு மேற்கே திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர்; அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. ஆகவே இவ்வுரை மலர்ந்த சமயமரபு இக்கரைக்கு அயலானதன்று.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அர்த்தச்சேதம் முழுமையாகப் பாதிவெட்டக்கூடிய எண்களோடு நின்றது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே உப்பு படியும் அந்த இடத்தைச் சொல்லும் அட்டவணையாக அது வளரவில்லை. எல்லா எண்களுக்கும் மடக்கை கண்டு அட்டவணையாக்கும் பெரும்பணியைச் செய்தவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் நேப்பியர். ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பின் பயனாக 1614-இல் அவர் நூல் வெளிவந்தது. அதனைக் கண்டு வியந்த இலண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ், 1615-இல் எடின்பரோவுக்குப் பயணம் செய்து நேப்பியரைச் சந்தித்தார். பத்தை அடியாகக் கொண்டால் எளிதாகும் என்று இருவரும் இசைந்தனர். 1624-இல் பிரிக்ஸ் வெளியிட்ட நூலில் முப்பதாயிரம் எண்களுக்குப் பதினான்கு பதின்ம இடங்கள் வரை மடக்கை தரப்பட்டிருந்தது. அவர் கையாண்ட வழிகளில் ஒன்று, பத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, இவ்வாறு ஐம்பத்து நான்கு முறை தொடர்வது. ஒவ்வொரு வர்க்கமூலமும் மடக்கையைப் பாதியாக்கும். அங்கும் பாதிவெட்டுதான்!

1802: இக்கரையைக் கடந்த கணக்கு

மடக்கை அட்டவணை நம் கடற்கரையில் பெரும்பணி புரிந்த காலம் ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே நூறடி நீள எஃகுச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். சங்கிலியை நானூறு முறை நீட்டிப் பெற்ற ஏழரை மைல் அடிக்கோடு, இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைக்கு வித்தாயிற்று. அதன்பின் அவர் தெற்கே, கடலூரை அடுத்த திருவந்திபுரம் வரை முக்கோணங்களைப் பின்னிக்கொண்டு சென்றார். சோழமண்டலக் கரையில் ஒரு பாகையின் நீளத்தைக் கண்டறிவதே நோக்கம். அவ்வளவையின் நடுப்புள்ளி வடக்கு அகலாங்கு 12 பாகை 32 கலை. மரக்காணமோ ஏறத்தாழ 12 பாகை 12 கலையில் உள்ளது. அதாவது அந்த முக்கோணச் சங்கிலி மரக்காணத்து வட்டாரத்தைத் தாண்டியே தெற்கே சென்றது.

முக்கோணத்தில் ஒரு பக்கத்தை அளந்துவிட்டால் மற்ற பக்கங்களைக் கோணங்களைக் கொண்டே கணக்கிடலாம். சங்கிலியை மீண்டும் நிலத்தில் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு எளிதன்று. விளக்கத்துக்காக நாமே ஒரு முக்கோணம் அமைத்துக்கொள்வோம். அடிக்கோடு 40,006 அடி. அதற்கு எதிர்க்கோணம் 40 பாகை. நாம் தேடும் பக்கத்துக்கு எதிர்க்கோணம் 60 பாகை. 40,006-ஐ 0.86603-ஆல் பெருக்கி 0.64279-ஆல் வகுக்க வேண்டும். மடக்கையில் இது 4.60213 - 0.06247 + 0.19193 என்று சுருங்குகிறது. விடை 4.73159, எதிர்மடக்கை 53,900 அடி. ஒரு முக்கோணத்துக்கு இது சிறு உதவி. கன்னியாகுமரி முதல் இமயம் வரை நீண்ட பணிக்கோ மடக்கை இல்லாமல் இயன்றிருக்காது. அக்காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் இத்தகைய கணக்கைச் செய்யும் மனிதரையே குறித்தது.

புதுச்சேரியின் சோழிகள்

லாம்டனின் தொடக்ககால உதவியாளர்களில் ஒருவர் ஜான் வாரன். பின்னர்ச் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் வகித்தவர். இறுதிக் காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830-இல் அங்கேயே மறைந்தார். இந்தியர் காலக்கணக்கு முறைகளைப் பற்றி 'காலசங்கலிதம்' என்னும் பெருநூலை 1825-இல் வெளியிட்டார். அதில் அவர் கண்ட ஒரு காட்சி நமக்கு மிக முக்கியமானது.

புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு எதனையும் பாராமல், சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணைகள் முழுவதும் அவர் நினைவில் இருந்தன. எண்களைச் சொற்களாகவும் அசைகளாகவும் மாற்றி மனனம் செய்யும் வாக்கிய முறை அது. சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்கள் அம்மரபில் புகழ்பெற்றவை. நாள் எண்ணிக்கையிலிருந்து பெரிய சுற்றுகளைக் கழித்துக்கொண்டே வந்து, எஞ்சும் நாளுக்கு உரிய வாக்கியத்தை எடுத்துக் கூட்டினால் போதும். 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் நான்கு நிமிடமே பிழைத்தது. நடுநேரம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. சோழிகளை மட்டும் கொண்டு ஒருவர் செய்த கணக்கு இது!

அக்கணிதரின் நினைவாற்றலை வியந்த வாரன், கோட்பாட்டில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது என்றும் குறித்து வைத்தார். இக்குறிப்பைப் படித்தபோது நமக்குச் சற்று உறுத்தியது. மடக்கை அட்டவணையைப் புரட்டி முக்கோணங்களைத் தீர்த்த உதவியாளர்களில் எத்தனை பேர் அதன் பின்னுள்ள ஐம்பத்து நான்கு வர்க்கமூலங்களை அறிந்திருப்பர்? அவ்வளவு ஏன், தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருந்த நாமே அறிந்திருந்தோமா? வாக்கியமும் மடக்கையும் கணிதத்தில் வெவ்வேறு. ஆனால் அட்டவணை என்ற வகையில் இரண்டும் ஒரே அறம் பேசுகின்றன. ஒருவர் ஒருமுறை முழுமையாக உழைத்து வைத்தால், பொருள் அறியாத ஆயிரம் பேரும் சரியான விடையை அடையலாம். அதுவே அட்டவணையின் பெருங்கொடை. கொடுப்பவர் மறைந்து பொருளும் மறந்துபோனால், பிழை எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க ஒருவரும் இரார். அதுவே அதன் குறை.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே

1970-களில் கைக்கணிப்பான்கள் பரவியதும் பெருக்கலுக்காக மடக்கை அட்டவணையைப் புரட்டும் தேவை மறைந்தது. இனி இதன் பொருளை அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். இக்கடற்கரையே விடை சொல்கிறது.

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.30 மணிக்குச் சற்று முன் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் சுமார் கால் மணி நேரத்தில் வெளியிட்ட முதல் அறிக்கை அதன் அளவை 8.0 என்றது. ஒரு மணி நேரத்துக்குப்பின் 8.5 என்று திருத்தியது. பின்னர் விரிவான ஆய்வுகள் 9.1 என்று நிறுவின. 8.0, 8.5, 9.1. கடைக்காரர் எடையில் இவ்வளவு வேறுபாடு கண்டால் நாம் பொருட்படுத்த மாட்டோம். ஆனால் நிலநடுக்க அளவு ஒரு மடக்கை. அங்கே ஒரு படி உயர்ந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு உயரும். 8.0-க்கும் 9.1-க்கும் இடையே உள்ளது ஏறத்தாழ 45 மடங்கு.

அலைகள் தமிழ்நாட்டுக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. மரக்காணத்து மீனவக் குப்பங்களையும் அவை விட்டுவைக்கவில்லை. முதல் எண் சரியாக வந்திருந்தால் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே இல்லை. செய்தி குப்பத்தை வந்தடைய வழியும் இல்லை. ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்தான். ஆனால் இனி அறிவிப்பு வரும். 'எட்டு' என்றும் 'எட்டரை' என்றும் எண்கள் வரும். அவற்றைக் கேட்பவருக்கு அரை என்பது இங்கே அரையன்று, ஐந்தரை மடங்குக்கும் மேல் என்று தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையைப் பார்க்கத் தெரியாததால் இன்று யாருக்கும் இழப்பில்லை. அளவுகோலின் பொருள் தெரியாவிட்டால் இழப்பு உண்டு.

ஆழாக்கும் உழக்கும் இப்போது பெரும்பாலான வீடுகளில் இல்லை. எங்கேனும் பரணில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால், ஆழாக்கால் நீர் முகந்து நாழியை நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை ஆழாக்கு என்று முதலில் கேளுங்கள். பின்னர், எத்தனை முறை இரட்டித்தாய் என்று கேளுங்கள். எட்டு என்ற விடைக்கும் மூன்று என்ற விடைக்கும் உள்ள உறவை அப்பிள்ளை கண்டுகொண்டால், மடக்கையை அது கற்றுவிட்டது.